கட்டளைப் பணியாளர் வேலைக்கு மனுச் செய்யலாமா?

நம் பள்ளியில் படித்துச் சென்ற மாணவி ஒருத்தி, உயர்நீதிமன்றத்தின் வேலை விளம்பரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "டீச்சர், மாவட்ட நீதிமன்றங்களில் இளநிலைக் கட்டளைப் பணியாளர் வேலை இருக்கிறதாம். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதுமாம். அப்பாவோ, அது அமீனா வேலை, பெண்பிள்ளைக்கு ஆகாது என்கிறார். மனுச் செய்யட்டுமா?" என்று கேட்டாள். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்து அறிந்ததை, உங்களில் சிலருக்கும் பயன்படும் என்றெண்ணி எழுதுகிறேன்.

நம் பக்கத்துக் கிராமங்களில் கோர்ட்டுக் காகிதத்தோடு வருபவர் எவராயினும் அவர் அமீனாதான். உண்மையில் வேலைகள் இரண்டு. பொருளை ஜப்தி செய்வதும், தீர்ப்பின்படி நிலத்தை ஒப்படைப்பதும் அமீனாவின் பொறுப்பு. சம்மனையும் நோட்டீசையும் உரியவரிடம் சேர்ப்பது மற்றொரு பொறுப்பு. நம் மாணவி கேட்டது இதைத்தான். இவர் எவர் வீட்டு அண்டா குண்டானையும் தூக்கிச் செல்வதில்லை. ஆனாலும் இவரைக் கண்டால் தெருவே கதவைச் சாத்திக்கொள்கிறது. சுங்கச்சாவடியில் அமர்ந்திருந்த மத்தேயுவையும் ஊரார் இப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

உத்திரமேரூர் நீதிமன்றத்தில், சாலவாக்கத்தில் வாழும் ஒருவர்மேல் வரப்புத் தகராறு வழக்குத் தொடரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கு இருப்பதே அவருக்குத் தெரியாமல் தீர்ப்புச் சொல்வது நீதியாகாது. ஆகவே 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஐந்தாம் கட்டளை, சம்மனை எப்படிச் சேர்ப்பது என்பதை விரிவாகச் சொல்கிறது. கூடுமானவரை பிரதிவாதியின் கையிலேயே கொடுத்து, அசலில் கையொப்பம் பெற வேண்டும். அவர் வெளியே போயிருந்து, நியாயமான காலத்துக்குள் காணக் கூடாதவராகவும், அவர் சார்பில் பெற்றுக்கொள்ள முகவர் இல்லாதவராகவும் இருந்தால், உடன் வசிக்கும் குடும்பத்தாரில் வயதுவந்த ஒருவரிடம் கொடுக்கலாம். வேலைக்காரர் குடும்பத்தாராக மாட்டார். வாங்க மறுத்தாலோ, எவ்வளவு முயன்றும் ஆளைக் காண முடியாமல் போனாலோ, வெளிக்கதவில் நகலை ஒட்ட வேண்டும். ஒட்டிய சூழ்நிலை என்ன, வீட்டை அடையாளம் காட்டியவர் யார், எவர் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்று அசலில் எழுதி நீதிமன்றத்துக்குத் திருப்ப வேண்டும்.

இங்கே மாணவியர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'குடும்பத்தாரில் வயதுவந்த ஒருவர்' என்று இன்று நாம் சொல்லுகிற இடத்தில், முன்பு 'வயதுவந்த ஆண்' என்றே சட்டத்தில் இருந்தது. வீட்டில் மனைவியோ தாயோ இருந்தாலும் அவர் கையில் கொடுத்தால் செல்லாது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் 1977 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகே 'ஆணாயினும் பெண்ணாயினும்' என்றாயிற்று. குற்றவியல் சம்மனில் அந்த 'ஆண்' என்ற சொல் 2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வரும்வரை நீடித்தது. அதே திண்ணையில் நிற்கும் அதே பெண், ஒரு காகிதத்தை வாங்கத் தகுதியுள்ளவள், இன்னொன்றுக்குத் தகுதியற்றவள்! இந்த விநோதம் 47 ஆண்டுகள் நடந்தது.

இனி வேலையின் கடினமான பகுதிக்கு வருவோம். வெயிலும் நடையும் நாய்களும் இருக்கட்டும்; பழகிவிடும். பழகக் கூடாதது ஒன்று இருக்கிறது. ஏழைக் குடும்பம் ஒன்று பிழைப்புக்காகச் செங்கல் சூளைக்குப் போயிருக்கிறது. சம்மன் கொண்டுபோனவர் கடைசி இரண்டு கல் தூரம் நடக்கச் சலித்து, தேநீர்க் கடையில் உட்கார்ந்தபடியே "வாங்க மறுத்தார், கதவில் ஒட்டினேன்" என்று எழுதிவிடுகிறார். சம்மன் சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். பதிலுரை தாக்கல் செய்யவேண்டிய 30 நாள் போய்விடும். ஒருதலைத் தீர்ப்பும் ஆகிவிடும். குடும்பம் திரும்பும்போது வாசலில் மெய்யான அமீனா நிற்பார். சம்மன் முறைப்படி சேரவில்லை என்று மெய்ப்பித்தால் அத்தீர்ப்பை நீக்கலாம். தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். ஆனால் வக்கீலுக்கும் பேருந்துக்கும் அவர்கள் எங்கே போவார்கள்? (பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதை 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இதை வீட்டிலும் சொல்லுங்கள்.)

சோம்பலால் மட்டும் இது நேர்வதில்லை. 'ஆள் இல்லை' என்று எழுதச் சொல்லிப் பிரதிவாதி பணம் நீட்டுவார்; 'மறுத்தார்' என்று எழுதச் சொல்லி வாதி நீட்டுவார். மறைக்கல்வி வகுப்பில் எட்டாம் கட்டளையை மனப்பாடமாக ஒப்பித்துவிடுகிறோம். யாரும் பார்க்காத தெருமுனையில், கையில் பேனாவோடு நிற்கும்போதுதான் அதன் பாரம் தெரியும். நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும், அவருடைய நெருங்கிய உறவினரையும்கூடக் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்று அவை விலக்குகின்றன. கட்டளைப் பணியாளர் சம்மனில் எழுதித் தருவதும் ஒரு கணக்குத்தான்.

நன்மைகளும் உண்டு. அரசுச் சம்பளம், பதவி உயர்வுக்கு வழி. 1989இல் தமிழக அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு கொண்டுவரப்பட்டது. கூரியர், மின்னஞ்சல் எல்லாம் சட்டத்தில் நுழைந்துவிட்டனவே, இந்த வேலை நிலைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். மின்னஞ்சல் வந்து கதவில் காகிதம் ஒட்டாது. அதற்கு ஓர் ஆள் நடந்துதான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

இவற்றையெல்லாம் அந்த மாணவியிடம் சொன்னேன். தனியாகக் குக்கிராமங்களுக்குப் போக நேரும், கடைசிப் பேருந்து போய்விடும், வசவும் கேட்க நேரும் என்பதையும் மறைக்கவில்லை. அவள் சற்று யோசித்துவிட்டு, "வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால், வெளியே நிற்பது ஒரு பெண் என்றால் கதவைத் திறப்பார்களில்லையா டீச்சர்? என்ன காகிதம், எந்தத் தேதிக்குள் கோர்ட்டுக்குப் போகவேண்டும் என்று படித்துக் காட்டிவிட்டு வரலாமே" என்றாள். இது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

அடுத்த வாரம் மனுச் செய்துவிட்டாள். இ-சேவை மையத்துக்கு அவளை அழைத்துப் போனவர் அவளுடைய அப்பாவேதானாம்.