எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் மீண்டும் எடை கூடினால்...



எங்கள் பேச்சு வழக்கில் ‘வயிற்றைச் சின்னனாக்கிற ஒப்பரேசன்’ என்று சொல்லப்படும் எடை குறைப்புச் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்ட தமிழர்கள் ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பலர் இருக்கிறார்கள். முதல் இரண்டு வருடம் எல்லாமே நன்றாகப் போகும். உடுப்பு அளவு குறையும், நீரிழிவு மாத்திரை நிற்கும், முழங்கால் வலி தணியும். நான்காம் அல்லது ஐந்தாம் வருடத்தில் தராசு மெல்ல மேலே ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் பலர் வைத்தியரிடம் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். “இவ்வளவு செய்தும் பழையபடி வைச்சிட்டன், என்ன முகத்தோட டொக்டரிட்டைப் போறது?” என்ற வெட்கமே காரணம். ஏறிய எடையைவிட இந்த வெட்கம்தான் கூடுதலான தீங்கைச் செய்கிறது. ஏன் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சத்திரசிகிச்சை என்ன செய்கிறது?

வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் மெலிந்து போவதை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்தார்கள். அதை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது சகாவான இற்றோவும் 1966ஆம் ஆண்டில் முதலாவது இரைப்பை பைபாஸ் சிகிச்சையைச் செய்தனர். ஒன்ராறியோவில் 2009ஆம் ஆண்டில் ‘ஒன்ராறியோ பேரியாட்ரிக் நெற்வேர்க்’ உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னர் எங்கள் மாகாணத்து நோயாளர் பலர் அரச செலவில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். இன்று ஹம்பர் றிவர், ரொறன்ரோ வெஸ்ரேர்ண், சென்ற் ஜோசப்ஸ் போன்ற வைத்தியசாலைகளிலேயே இது ஓஹிப் காப்புறுதியின் கீழ் செய்யப்படுகிறது.

பெரும்பாலும் இரண்டு முறைகள் கையாளப்படுகின்றன. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு முட்டை அளவு பை பிரிக்கப்பட்டு, சிறுகுடலுடன் நேரே இணைக்கப்படுகிறது. சிலீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்பட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாய் மட்டும் விடப்படுகிறது. இரண்டுமே உண்ணும் அளவைக் குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. பசியையும் நிறைவையும் மூளைக்கு அறிவிக்கும் குடல் ஓமோன்களையும் மாற்றுகின்றன. ஆரம்பத்தில் பசியே தெரியாமல் இருப்பது இதனால்தான்.

எடை திரும்புவது எவ்வளவு சாதாரணம்?

அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் பைபாஸ் செய்துகொண்டவர்களைப் பன்னிரண்டு வருடம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளியாகின. இரண்டாம் வருடத்தில் அவர்கள் சராசரியாக 45 கிலோ குறைந்திருந்தனர். ஆறாம் வருடத்தில் அது 36 கிலோவாகவும், பன்னிரண்டாம் வருடத்தில் 35 கிலோவாகவும் இருந்தது. அதாவது, சராசரியாக ஒன்பது, பத்துக் கிலோ திரும்பி வந்தது. ஆனால் 35 கிலோ திரும்பவில்லை. சுவீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்விலும் இதே போக்குத்தான் காணப்பட்டது. பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் உடல் எடையில் 32 வீதத்தை இழந்தனர். பத்து வருடத்தின் பின் அது 25 வீதமாக நின்றது.

ஆகவே ஓரளவு எடை ஏறுவது பெரும்பாலானோருக்கு எதிர்பார்க்கப்படும் ஒன்று. சிலருக்கு அது அதிகமாகவும் ஏறலாம். உடல் இழந்த எடையை ஒரு பஞ்சம் வந்ததாகவே கருதுகிறது. பசியைக் கூட்டி, எரிக்கும் சக்தியைக் குறைத்து, பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. கனடாவில் 2020இல் வெளியான மருத்துவ வழிகாட்டல் உடற்பருமனை ஒரு நாட்பட்ட நோய் என்றே குறிப்பிடுகிறது. குருதியமுக்கம் மீண்டும் கூடினால் யாரும் வெட்கப்படுவதில்லை. மருந்தைச் சரிபார்க்க வருகிறார்கள். இதையும் அப்படியே கொள்ள வேண்டும்.

எங்கள் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது

சத்திரசிகிச்சைக்குப் பின் கோழியிறைச்சி, தடித்த ரொட்டி போன்றவை சிலருக்கு நெஞ்சில் அடைத்து நிற்கும். ஆனால் சொதி விட்டுக் குழைத்த இடியப்பம், குழைந்த சோறு, தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட், வாயில் கரையும் முறுக்கு, மிக்சர் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அடைக்கும் உணவைத் தவிர்த்து வழுக்கும் உணவுக்கு மாறுவது மனித இயல்பு. ஆனால் இவை சின்ன இரைப்பையில் தங்கி நிற்பதில்லை. வயிறு நிறைந்த உணர்வு வராமலே கலோரி சேர்ந்துவிடும். “நான் ஒரு பிடிதான் சாப்பிடுறன் டொக்டர்” என்று சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு பிடி ஒரு நாளில் எட்டுத் தடவை நடக்கிறது. பிள்ளைகளின் கோப்பையில் மிஞ்சியதை வீசாமல் வாயில் போடும் தாய்மாரும் இதைக் கவனிக்க வேண்டும்.

இனிப்புக்கு இன்னொரு குணம் உண்டு. பைபாஸ் செய்தவர்கள் சீனி போட்ட தேநீரோ ‘டபிள் டபிள்’ கோப்பியோ குடித்தால் சீனி வேகமாகக் குருதியில் ஏறும்; உடல் அளவுக்கு மிஞ்சிய இன்சுலினைச் சுரக்கும்; ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் சீனி விழுந்து கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். அதைத் தணிக்க மீண்டும் இனிப்பு உண்டால் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். இந்த அறிகுறிகள் இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மதுபானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைபாஸின் பின் மது முன்னரைவிட விரைவாகவும் கடுமையாகவும் ஏறும். சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் வருடத்திலிருந்து சிலர் குடிக்கு அடிமையாவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. எடையும் அதோடு கூடும்.

உணவைத் தவிர வேறு காரணங்கள்

* மருந்துகள்: இன்சுலின், கிளிக்கிளசைட், பிரெட்னிசோன், நரம்பு வலிக்கான கபாபென்ரின், பிரிகபலின், மனநோய்க்கான சில மாத்திரைகள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்று உண்டா என்று கேளுங்கள்.
* நித்திரைக் குறைவும் இரவு வேலையும்: தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து அதிகாலையில் சாப்பிட்டுப் படுப்பவர்களுக்கு எடையைக் கட்டுப்படுத்துவது கடினம்.
* மனச்சுமை: போரையும் இடப்பெயர்வையும் கண்ட எங்கள் தலைமுறையில், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பலர் துக்கத்தைச் சொல்லத் தெரியாதவர்கள். அது சிலருக்குச் சாப்பாடாக மாறும். அதற்கும் சிகிச்சை உண்டு.
* தைரொயிட் குறைபாடு, மாதவிடாய் நிற்கும் காலம், மூட்டுவலியால் நடமாட்டம் குறைதல்.
* சத்திரசிகிச்சை செய்த இடத்தில் ஏற்படும் மாற்றம்: பை விரிதல், இணைப்பு வாய் பெருத்தல், பைக்கும் பழைய இரைப்பைக்கும் இடையில் வழி ஏற்படுதல். இவற்றை எண்டோஸ்கோப்பி அல்லது ‘பேரியம்’ எக்ஸ்ரே மூலம் கண்டறியலாம்.

மறைப்பதால் வரும் ஆபத்து

ஒன்ராறியோத் திட்டத்தில் பின்தொடர் சந்திப்புகள் ஐந்து வருடங்கள் வரைதான். அதன்பின் பொறுப்பு குடும்ப வைத்தியரிடம் வருகிறது. எடை ஏறத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. வெட்கத்தால் வராமல் விட்டால் இரண்டு விடயங்கள் யார் கண்ணிலும் படாமல் நடக்கும்.

முதலாவது, நீரிழிவு திரும்பலாம். மேற்சொன்ன யூற்றா ஆய்வில், நீரிழிவுடன் சத்திரசிகிச்சை செய்தவர்களில் 75 வீதமானோர் இரண்டாம் வருடத்தில் அதிலிருந்து விடுபட்டிருந்தனர். பன்னிரண்டாம் வருடத்தில் அது 51 வீதமாகக் குறைந்தது. தெற்காசியரான எங்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. மாத்திரை நின்றுவிட்டது என்பதற்காகப் பரிசோதனையையும் நிறுத்தினால், கண்ணும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் பாதிக்கப்படும்.

இரண்டாவது, சத்துக் குறைபாடு. எடை ஏறினாலும், சத்திரசிகிச்சையின் பின் விற்றமின் பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவை போதிய அளவு உடலில் சேர்வதில்லை. விற்றமின் மாத்திரைகள் ஆயுள் முழுவதற்குமானவை. பி12 குறைந்தால் காலில் விறைப்பும் ஞாபக மறதியும் வரும். “சீனி வருத்தத்தாலைதான்” என்று அதை விட்டுவிடுவோம். நாட்பட்டால் நரம்புச் சேதம் முழுமையாக மாறாது. மரக்கறி மட்டும் உண்பவர்களும் மெற்போமின் எடுப்பவர்களும் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். இரும்பு மாத்திரையைக் கல்சியத்துடனோ தேத்தண்ணியுடனோ விழுங்க வேண்டாம். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

பல நாள் தொடர் வாந்தி, நடை தள்ளாடுதல், கறுப்பு நிற மலம், கடும் வயிற்றுவலி இருந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பைபாஸ் செய்தவர்கள் ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். அவை இணைப்பு வாயில் புண்ணை உண்டாக்கும்.

என்ன செய்யலாம்?

1. ஆகக் குறைந்த எடையிலிருந்து ஐந்து கிலோ ஏறியதுமே குடும்ப வைத்தியரிடம் வாருங்கள். இருபது கிலோ ஏறும்வரை பொறுக்க வேண்டாம்.
2. ஒரு வாரம் உண்பது, குடிப்பது எல்லாவற்றையும் நேரத்துடன் எழுதிக் கொண்டு வாருங்கள். வேறு நாட்டில் சத்திரசிகிச்சை செய்திருந்தால் அதன் அறிக்கையையும் கொண்டு வாருங்கள்.
3. ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் உண்ணுங்கள். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவான இலக்கு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். மீன் கறி, முட்டை, அவித்த கடலை, பயறு, பருப்பு, சீனியில்லாத தயிர் எல்லாம் நல்லவை. அடுத்து மரக்கறி. சோறும் புட்டும் கடைசியில், இரண்டு மூன்று மேசைக்கரண்டி. இறைச்சி அடைத்தால் கறியில் நன்றாக வேகவிட்டு, சிறிதாக்கி, ஆறுதலாக மென்று சாப்பிடுங்கள்.
4. சாப்பாட்டோடு தண்ணீரோ சொதியோ குடிக்க வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.
5. நடையோடு தசைக்கான பயிற்சியும் தேவை. பனிக்காலத்தில் ஸ்காபரோ ரவுண் சென்ரர் போன்ற அங்காடிகளுக்குள் நடக்கலாம். கதிரையிலிருந்து கை பிடிக்காமல் பத்துத் தடவை எழுந்து இருப்பதும் நல்ல பயிற்சியே.
6. வருடம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை: குருதிக் கலங்கள், இரும்பு, பி12, விற்றமின் டி, கல்சியம், மூன்று மாதச் சராசரிச் சீனி, தைரொயிட்.

இவற்றால் போதாவிட்டால் மருந்துகள் உண்டு. சத்திரசிகிச்சையில் எதிர்பார்த்த பலன் கிடைக்காதவர்களுக்கு லிரகுளுட்டைட் ஊசி கொடுத்து லண்டனில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. 24 வாரங்களில் அவர்கள் எடை சுமார் 9 வீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு ஒரு வீதம்கூடக் குறையவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த செமக்குளுட்டைட் மருந்து எடைக் குறைப்புக்காகக் கனடாவில் 2021இல் அங்கீகரிக்கப்பட்டு, 2024இல் விற்பனைக்கு வந்தது. ஆனால் நிறுத்தினால், குறைந்த எடையின் பெரும்பகுதி திரும்பும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. செலவைப் பற்றித் தொடங்கும் முன்னரே உங்கள் வேலைத்தலக் காப்புறுதியிடமும் மருந்தகத்திலும் விசாரியுங்கள். நண்பரின் ஊசியை வாங்கிப் போட வேண்டாம். இரண்டாவது சத்திரசிகிச்சை சிலருக்குப் பொருந்தும். ஆனால் அதில் ஆபத்து முதலாவதை விடக் கூட. பழுது எங்கே என்று தெரிந்த பின்னரே அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

மெலிந்தபோது “என்ன, ஏதும் வருத்தமோ?” என்று கேட்டோம். ஏறும்போது “ஒப்பரேசன் செய்தும் பழையபடி வந்திட்டுதே” என்று கலியாண வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறோம். இந்தக் கேள்விகள் ஒருவரையும் மெலிய வைத்ததில்லை. வைத்தியரிடமிருந்து ஒளிய வைத்திருக்கின்றன. “இன்னும் கொஞ்சம் போடுங்கோ” என்று கோப்பையில் சோற்றைத் திணிப்பதை விட்டு, அவரோடு சேர்ந்து அரை மணி நேரம் நடந்து வாருங்கள். சந்திப்புக்குத் துணையாகச் செல்லுங்கள்.

நீங்கள் சத்திரசிகிச்சை செய்து வருடங்கள் ஆகி, கடைசி இரத்தப் பரிசோதனை எப்போது என்றே ஞாபகம் இல்லையென்றால், இந்த வாரமே உங்கள் குடும்ப வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து நேரம் பதியுங்கள். தராசு என்ன காட்டினாலும் பரவாயில்லை, வாருங்கள்.

(இக்கட்டுரை பொதுவான அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் மருந்துகளில் எந்த மாற்றத்தையும் உங்கள் வைத்தியருடன் கலந்து பேசிய பின்னரே செய்யவும்.)