வளவு எல்லையைத் தாண்டும் கட்டிடம்: பேச வேண்டிய நேரம் எது?



ஒரு காலத்தில் எம்மவர் கூடும் இடங்களில் அகதி விண்ணப்பமும் வதிவிட அனுமதியுமே பேச்சாக இருந்தன. இன்றோ ஸ்டுட்கார்ட்டிலும் எஸ்லிங்கன், லுட்விக்ஸ்பூர்க், வைப்லிங்கன் போன்ற அயல் நகரங்களிலும் பல குடும்பங்கள் வங்கிக் கடனெடுத்துச் சொந்த வீடு வாங்கியுள்ளன. வீடு வந்ததும் எல்லையும் கூடவே வந்துவிடுகிறது. எமது தொழில் கணக்கியல். நாம் சட்டத்தரணி அல்லோம். ஆயினும் வரிக் கணக்குப் பார்க்க வருபவர்கள் இடையிடையே காணிப் பிரச்சினையையும் எடுத்து வைப்பதனால், இதனைப் பற்றிப் படித்தறிந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பக்கத்து வளவுக்காரர் பழைய கராஜை இடித்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அத்திவாரத்துக்குப் பலகை அடித்தாகிவிட்டது. அது எமது பக்கம் ஒரு சாண் தள்ளி நிற்பதுபோல் தெரிகிறது. எம்மில் பெரும்பாலானோர் என்ன செய்வோம்? யன்னல் சேலையை விலக்கிப் பார்ப்போம். "இந்த ஊர்க்காரர் அளந்துதானே கட்டுவார்", "எதற்கு வீண் பொல்லாப்பு", "பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடம்" என்று எமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். மூன்று மாதத்தில் சுவர் எழும்பிக் கூரையும் போட்டுவிடுவார்கள். அதற்குப் பின்னரே யாரிடம் முறையிடலாம் என்று விசாரிக்கத் தொடங்குவோம். ஜேர்மன் சட்டத்தில் இந்த மூன்று மாத மௌனத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது.

ஊரில் நாம் பழகிய கணக்கு வேறு. கிடுகு வேலி அடைக்கும் காலத்தில் கதியால் ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டதென்று தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களை நாம் அறிவோம். அங்கே எல்லோரும் அஞ்சியது பத்து வருடம் என்ற எண்ணுக்கு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பிறரது காணியைப் பத்து வருடங்கள் தடையின்றித் தனதாகவே ஆண்டு வந்தால் ஆட்சி உரிமை கோரலாம். போரினால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தோருக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அக்கணக்கில் சேர்க்காதிருக்க 2016 ஆம் ஆண்டில் தனிச் சட்டமே (5 ஆம் இலக்கம்) இயற்றவேண்டி வந்தது. ஆகவே "பத்து வருடம் ஆகவில்லைத்தானே, பார்ப்போம்" என்ற எண்ணம் எம்மவரிடம் ஊறிப்போயுள்ளது.

இங்கே நிலைமை தலைகீழானது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு எமக்குத் தெரியும். இங்குள்ள காணிப் பதிவேடான குருண்ட்பூக் அதனிலும் பன்மடங்கு உறுதியானது. அதில் எமது பெயரில் பதிவான நிலம், அயலவர் பத்து வருடம் ஆண்டார் என்பதற்காக அவருடையதாகிவிடாது. ஆனால் அந்த நிலத்தின்மேல் எழும்பிய கட்டிடத்தை அகற்றுவிக்கும் உரிமையைச் சில நாட்களிலேயே நாம் இழந்துவிடக்கூடும்.

1900 ஜனவரி 1 முதல் நடைமுறையிலிருக்கும் ஜேர்மன் குடியியல் சட்டக் கோவையின் 912 ஆம் பிரிவு இதனை ஒழுங்குபடுத்துகிறது. எல்லை தாண்டிய கட்டிடத்துக்கு ஊபர்பவ் என்று பெயர். ஒருவர் வேண்டுமென்றோ பாரதூரமான கவனயீனத்தினாலோ அல்லாமல் எல்லையைத் தாண்டிக் கட்டிவிட்டால், அயலவர் அதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்லை தாண்டுவதற்கு முன்னரோ, தாண்டிய உடனேயோ மறுப்புத் தெரிவித்திருந்தால் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சட்டத்திலுள்ள சொல் 'சொபோர்ட்', அதாவது உடனே. பெரிய அளவில் இடித்து நட்டப்படாமல் திருத்தக்கூடிய கட்டத்திலேயே மறுப்பு வந்துவிட வேண்டும் என்பதே இதன் கருத்து. விடுமுறையில் யாழ்ப்பாணம் போயிருந்தோம், தெரியாமற் போய்விட்டது என்று சொல்வதும் பொதுவாக எடுபடாது. முடிந்த வீட்டை இடிப்பது ஊருக்கே நட்டம் என்பது இதன் பின்னாலுள்ள நியாயம். அது நியாயந்தான், ஆனால் பேசத் தயங்குபவன் தலையிலேயே பாரத்தை ஏற்றுகிற நியாயம் என்பது எமது அபிப்பிராயம்.

மறுப்புக்குத் தனிப் படிவமோ காரணமோ தேவையில்லை. முதலில் நில அளவையாளரைப் பிடித்து அளந்து நிரூபிக்க வேண்டுமென்று காத்திருக்கவும் கூடாது. அன்றைக்கே போய் மரியாதையாகச் சொல்லுங்கள், அன்றைக்கே எழுதுங்கள். "ஹியர்மிற் விடர்ஸ்ப்ரெக இக் டேம் ஊபர்பவ் அவுப் மைன் குருண்ட்ஸ்ரூக்" என்ற ஒரு வரி போதும்: எனது காணிமீது எல்லை தாண்டிக் கட்டுவதை இத்தால் மறுக்கிறேன் என்பது பொருள். அதனை அக்காணியின் சொந்தக்காரருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டையும், திகதி தெரியும் படங்களையும் கோவையில் போட்டு வையுங்கள். வளவில் நிற்கும் மேசனிடம் சொன்னது கணக்கில் வராது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் இருவரும் ஒப்பமிடுவது நல்லது. இதனால் உறவு முறிந்துவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை. படி கூட்டும் முறை வந்துவிட்டதென்று கதவில் அட்டையைத் தொங்கவிட்டுப் போகும் ஊர் இது. முறைப்படி எழுதப்பட்ட கடிதத்துக்கு இங்கே யாரும் கோபிப்பதில்லை.

நகரத்தின் கட்டிட அனுமதி அலுவலகத்தில் ஆட்சேபம் கொடுத்தாயிற்று, அது போதுந்தானே என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். போதாது. கட்டிட அனுமதி தனியாரின் உரிமைகளைத் தொடாமலேயே வழங்கப்படுகிறது. எல்லை யாருடையது என்று அந்த அலுவலகம் தீர்ப்பதில்லை. அங்கே கொடுத்த மனு, அயலவருக்கு நேரடியாகத் தெரிவிக்க வேண்டிய மறுப்பாகவும் ஆகிவிடாது. எல்லை எங்கே போகிறது என்பதை அறிய ஸ்டுட்கார்ட்டில் நகர நில அளவைத் திணைக்களத்தில் வரைபடப் பிரதி எடுக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் அரச அங்கீகாரம் பெற்ற அளவையாளரைக் கூப்பிட வேண்டியதுதான். எல்லைக் கல்லைப் பிறருக்குத் தீங்கு நினைத்து நகர்த்துவது இந்நாட்டில் குற்றவியல் குற்றமாகும். புல்வெட்டும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று பிடுங்கியெறிந்து சிக்கலைத் தேடிக்கொள்ள வேண்டாம்.

தாமதமாகி விட்டவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. எல்லையோரத்தில் கட்டும் ஒருவர், அந்நிலம் தன்னுடையதுதானா என்று தேவைப்பட்டால் அளவையாளரை அழைத்தேனும் உறுதிப்படுத்தாமல் கட்டினால், அது வழமையாகப் பாரதூரமான கவனயீனமே என்று ஜேர்மன் உச்ச நீதிமன்றம் 2003 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. கட்டிடக் கலைஞரின் தவறும் கட்டுவிப்பவரின் தலையிலேயே விழும். இன்னொன்று, பொறுத்துக்கொள்ளும் கடமை கட்டிடத்துக்கு மட்டுமே உரியது. கராஜ் கட்டிடமாகும், வேலி, தோட்டச் சுவர், கல் பதித்த முற்றம் ஆகியன கட்டிடமாகா. அவற்றை அகற்றும்படி 1004 ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். ஆனால் அந்தக் கோரிக்கைக்கும் காலம் உண்டு: பொதுவாக, விடயம் தெரியவந்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்று வருடங்கள். அதற்குப் பின் நிலம் எமதாகவே இருக்கும். ஆனால் அவர் செலவில் அகற்று என்று வற்புறுத்த முடியாது.

பொறுத்துக்கொள்ள வேண்டி வந்தால் எமக்குக் கிடைப்பது என்ன? இங்கேதான் கணக்காளனுக்கு வேலை. சட்டம் வருடாந்தப் பணமொன்றை முற்பணமாகத் தரச்சொல்கிறது. ஆறு மீற்றர் நீளச் சுவர், 30 சென்ரிமீற்றர் உள்ளே வந்திருக்கிறது, பரப்பு 1.8 சதுர மீற்றர். சதுர மீற்றர் 1000 ஐரோ என்று வைத்தால் நிலத்தின் பெறுமதி 1800 ஐரோ. வட்டி உதாரணத்துக்கு 3 வீதம். வருடம் 54 ஐரோ. எல்லை தாண்டிய நாளின் நிலப் பெறுமதியே கணக்குக்கு அடிப்படை. பின்னர் காணி விலை எவ்வளவு ஏறினாலும் இந்த 54 ஏறாது. முப்பது வருடம் வாங்கினாலும் 1620 ஐரோதான்! அதேவேளை, பாடன்-வூர்ட்டம்பேர்க்கில் 2025 முதல் காணி வரி நிலப் பரப்பையும் நில வழிகாட்டிப் பெறுமதியையும் வைத்தே கணிக்கப்படுகிறது. 2022 இல் நாம் எல்லோரும் எல்ஸ்ரர் மூலம் நிரப்பி அனுப்பிய பத்திரம் அதற்கானதே. எனவே அயலவர் சுவரின் கீழுள்ள நிலத்துக்கும் வரி கட்டுபவர் நாமே.

இதற்குப் பதிலாக அந்தத் துண்டை வாங்கிக்கொள்ளும்படி எந்நேரமும் அவரிடம் கேட்க 915 ஆம் பிரிவு எமக்கு உரிமை தருகிறது. விலை இங்கும் எல்லை தாண்டிய நாளின் பெறுமதிதான். ஆனால் அளவைச் செலவு, நொத்தாரிசு செலவு, கடன் தந்த வங்கியின் சம்மதம் என்று சேர்த்தால் 1800 ஐரோவை எளிதில் தாண்டிவிடும். அவற்றை யார் கொடுப்பது என்று எழுதிக்கொள்ளாமல் இறங்க வேண்டாம்.

சுவர்களைப் புதிதாகக் குளிர்காப்புச் செய்யும் வேலைகள் இப்போது அதிகம். எல்லையில் நிற்கும் பழைய வீட்டின் வெளிச்சுவரில் பின்னர் ஒட்டப்படும் காப்புப் படை எமது பக்கம் வந்தால், இம்மாநிலத்தின் அயலவர் உரிமைச் சட்டப்படி (பிரிவு 7சி) அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இதற்கும் பணம் உண்டு. 25 சென்ரிமீற்றருக்கு மேல் வந்தால், அல்லது எமது பாவனைக்குக் குறிப்பிடத்தக்க இடையூறானால், அல்லது வேறு வழியில் நியாயமான செலவில் செய்யமுடியுமாயின் பொறுக்க வேண்டியதில்லை. புதுக் கட்டிடத்துக்கு இச்சலுகை இல்லை.

ஸ்டுட்கார்ட் மலைச்சரிவில் அமைந்த நகரம் என்பதனால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கீழ் வளவில் ஆழத் தோண்டினால் மேல் வளவின் மண் பிடிமானம் இழக்கும். வேறு வகையில் போதிய தாங்கல் செய்யாமல் அப்படித் தோண்டக்கூடாது என்கிறது 909 ஆம் பிரிவு. தோண்டத் தொடங்குமுன் உங்கள் சுவர்களைப் படமெடுத்து வையுங்கள். பிறகு வெடிப்புக் கண்டால், அது முன்பே இருந்தது என்று எவரும் சொல்லமுடியாது. எல்லை நிலத்தோடு முடிவதில்லை, கீழேயும் போகிறது. 2010 இல் வேலை தொடங்கிய ஸ்டுட்கார்ட் 21 புகையிரதச் சுரங்கங்கள் பல வீடுகளின் அடியால் போகின்றன. அதற்காக ரெயில்வே வீட்டுச் சொந்தக்காரர்களிடம் உரிமை பெற்று, நட்டஈடு கொடுத்து, பதிவேட்டிலும் பதிய வேண்டியிருந்தது. ரெயில்வேயே கேட்டுத்தான் போகவேண்டுமென்றால் பக்கத்து வளவுக்காரரும் கேட்கத்தான் வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள் இது எமக்குச் சம்பந்தமில்லை என்று இருந்துவிடக்கூடாது. மூன்றாம் ஆள் ஒருவர் அந்த இடத்தில் உரிமை கொண்டாடத் தொடங்கினால் உடனே வீட்டுக்காரருக்கு அறிவிக்கும் கடமையைச் சட்டத்தின் 536சி பிரிவு வாடகையாளர்மேல் சுமத்துகிறது. மண்டபம் வாடகைக்கு எடுத்து நடத்தும் சங்கங்களுக்கும் இது பொருந்தும். மாடிவீட்டில் ஒரு பகுதியை வாங்கியவர்கள் நிர்வாகிக்கு எழுத வேண்டும்; 2020 டிசம்பர் முதல் பொதுச் சொத்தின் உரிமைகளைச் சொந்தக்காரர் கூட்டமைப்பே பிரயோகிக்கிறது.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லை தாண்டிய கட்டிடத்துக்கான வருடாந்தப் பணம் காணிப் பதிவேட்டில் பதியப்படுவதில்லை. ஆகையால் பதிவேடு சுத்தமாக இருக்கிறதென்று நம்பி ஒப்பமிடாமல், வரைபடத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். மாநகரசபையில் உள்ள பவ்லாஸ்ற் பதிவேட்டையும் கேளுங்கள். அதுவும் குருண்ட்பூக்கில் இராது. அயலவர் சிரித்த முகத்தோடு ஒரு பவ்லாஸ்ற் பத்திரத்தில் ஒப்பம் கேட்டால், வாசித்து விளங்காமல் போடாதீர்கள். அது உங்களுக்குப் பின் அந்த வீட்டை வாங்குபவரையும் கட்டும். நினைத்தபடி மீளப்பெறவும் முடியாது.

நாமே கட்டும்போதும் இதே சட்டந்தான். எம்மவர் ஒருவர் அளவையாளர் செலவை மிச்சம்பிடித்துப் பழைய வேலியை எல்லையென்று நம்பிக் கராஜ் கட்டினால், அயலவர் பின்னொரு நாள் அதை இடிக்கச் சொல்லலாம். அத்திவாரம் வெட்டுமுன் எல்லையை அளந்து குறித்துத் தரச் சொல்லி, அந்தத் தாளை வீட்டு உறுதியோடு சேர்த்து வையுங்கள்.