ஜாமா, ஜெல்லியா? பழத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

செய்ய வேண்டியவை

• எதைச் செய்யப்போகிறோம் என்று முதலில் தெளிவாகுங்கள். மசித்த சதையோடு காய்ச்சினால் ஜாம். வடிகட்டிய சாற்றை மட்டும் காய்ச்சினால் ஜெல்லி. ஆரஞ்சு, நார்த்தை போன்றவற்றைத் தோல் சீவலோடு காய்ச்சினால் மார்மலேட். பழம் உருக்குலையாமல் பாகில் கிடந்தால் முரப்பா.

• ஜெல்லிக்குக் கொய்யாவோ விளாம்பழமோ எடுங்கள். இரண்டிலும் இறுகவைக்கும் பெக்டின் தாராளம். கொய்யாவில் சில செங்காயாக இருக்கட்டும், கனியக் கனிய அந்தப் பிடிப்பு போய்விடும். அன்னாசியில் பெக்டின் குறைவு. அதை ஜாமோடு விட்டுவிடுங்கள், எலுமிச்சைச் சாறும் சேர்த்து.

• மார்மலேடுக்குத் தோலை முதலில் வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். ஒரு சீவலை விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சர்க்கரை. முந்திப் போட்டால் தோல் விறைத்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் ரப்பர்தான். முழு ஸ்ட்ராபெரிக்கு இதே குணம் உதவும்: முதல் நாள் இரவே சர்க்கரையில் புரட்டி வைத்தால் மறுநாள் காய்ச்சும்போது பழம் குழையாது.

• குளிரவைத்த பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம் வந்துவிட்டது. தெர்மாமீட்டரில் இது சுமார் 105 டிகிரி செல்சியஸ். ஊட்டிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே தண்ணீரே 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும்; 98-இல் இறக்குங்கள்.

செய்யக்கூடாதவை

• ஜெல்லிக்குத் தொங்கவிட்ட துணியைப் பிழியாதீர்கள். கை பரபரக்கும்தான். பிழிந்தால் சாறு கலங்கும், கண்ணாடி போன்ற தெளிவு வராது. இரவு முழுக்கத் தானே சொட்டட்டும். மிஞ்சும் கொய்யாச் சக்கையையும் கொட்டாதீர்கள்: சல்லடையில் தேய்த்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறினால் துண்டு போடலாம்.

• உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையைப் பாதியாக்காதீர்கள். ஜாமைக் கெடாமல் காப்பதே அதுதான். குறைத்தே ஆகவேண்டும் என்றால் ஃபிரிஜ்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

• பாட்டிலில் உள்ள பழப் படத்தை நம்பி வாங்காதீர்கள். நம் நாட்டு விதிப்படி ஜாமில் 45 சதவீதம் பழம் இருந்தால் போதும். ஸ்ட்ராபெரி என்றால் 25. பின்பக்கப் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

• அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். ஈரக் கரண்டியும் கூடாது. ஊறுகாய் ஜாடிக்கு உள்ள சட்டம்தான் இதற்கும்.