நிர்வாகியின் கடவுச்சொல்

பலர் கூடிப் பயன்படுத்தும் கணிப்பொறியில், எல்லாக் கோப்புகளையும் திறக்கவும் திருத்தவும் அழிக்கவும் வல்ல கணக்கொன்று உண்டு. யூனிக்ஸ் முறையில் அதற்கு ‘ரூட்’, அதாவது வேர், என்று பெயர். அதனைக் காப்பது ஒரு கடவுச்சொல்லே.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பலர் ஒருங்கே ஒரு கணிப்பொறியை ஆளும் சி.டி.எஸ்.எஸ். என்னும் அமைப்பு 1961இல் இயக்கிக் காட்டப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, அங்கே நிர்வாகி ஒருவர் கடவுச்சொற் கோப்பைத் திருத்துகையில், மற்றொருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்தலானார். திருத்தும் நிரலோ இருவருக்கும் ஒரே பெயருடைய தற்காலிகக் கோப்பையே ஆக்கிற்று. விளைவு யாது? உள்ளே புகுந்தோர் அனைவர் முன்னும் எல்லாருடைய கடவுச்சொற்களும் அறிவிப்பாய் நின்றன! அவை எழுதியபடியே வைக்கப்பட்டிருந்தமையே கேட்டிற்கு மூலம்.

ஆதலின் பிற்கால அமைப்புகள் சொல்லை வையாது, மீட்கவியலாதவாறு மாற்றிய அதன் உருவையே வைக்கலாயின. ஆயினும் அவ்வுருவைக் களவாடியவன் அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாக அவ்வாறே மாற்றி ஒப்பிடக்கூடுமன்றோ? ஆகவே நீண்டதும், வேறெங்கும் வழங்காததுமான தொடரைத் தேர்க. கருவியுடன் வந்த தொடக்கச் சொல்லை முதல் நாளே மாற்றுக. 2016இல் மிராய் என்னும் தீநிரல் பரவியது மாற்றப்படாத அத்தகைய சொற்களின் வழியேதான்.

பலரும் மறப்பது இன்னொன்று. கடிதம் படிக்கவும் கட்டுரை எழுதவும் நிர்வாகியும் எளிய கணக்கிலேயே புகுதல் வேண்டும். வேராய் நின்று இடும் தவறான கட்டளையைத் தடுப்பார் பெரும்பாலும் இலர். உதவியாளருக்குத் தம் சொல்லைப் பகிராது, அவர்தம் கணக்கிற்கே வேண்டிய அளவு அதிகாரம் அளித்தால், எவர் எதைச் செய்தார் என்பது குறிப்பேட்டில் விளங்கும்.