ஒன்றியத்தின் திட்டமும் நகரத்தின் துணிவும்

முன்னுரை

ஒரு நகரின் தெருக்களைச் சீரமைப்பது அந்நகர மன்றத்தின் பொறுப்பு. ஆனால் வாகனப் புகை நாட்டின் எல்லையைப் பார்ப்பதில்லை. எனவே, ஐரோப்பிய ஒன்றியம் பல நாட்டு நகரங்களை ஒன்றிணைக்கும் ‘சிவிடாஸ்’ எனும் போக்குவரத்துத் திட்டத்தை 2002இல் தொடங்கியது. முதற்கட்டத்தில் 19 நகரங்கள் பங்கேற்றன. இத்திட்டம் நகரங்களுக்குத் தருவது என்ன, தர இயலாதது என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

செயல்முறை

வெவ்வேறு நாட்டு நகரங்கள் குழுவாக இணைந்து விண்ணப்பிக்கின்றன. தேர்வு பெற்ற குழுவின் செலவில் ஒரு பகுதியை ஒன்றியம் ஏற்கிறது. பேருந்து, மிதிவண்டி, நடைபாதை தொடர்பான புதுமுயற்சிகளை நகரங்கள் சோதித்து, விளைவுகளை அளந்து, பிற நகரங்களோடு பகிர்ந்துகொள்கின்றன. எடுத்துக்காட்டாக, 2008 முதல் 2012 வரை லியுப்லியானா, கெண்ட், ஸாக்ரெப், பர்னோ, போர்ட்டோ ஆகிய ஐந்தும் ஒரே குழுவாக இயங்கின.

கெண்ட் நகரின் பாடம்

இவற்றுள் பெல்ஜியத்தின் கெண்ட் நகரம் 1987இலேயே மையப்பகுதியில் மகிழுந்துகளைக் கட்டுப்படுத்த முயன்றது. வணிகர்கள் எதிர்த்ததால் அத்திட்டம் சில மாதங்களில் கைவிடப்பட்டது. எனினும் முயற்சி அடியோடு நின்றுவிடவில்லை. 1997இல் நடையர்களுக்கான பகுதி உருவானது. அதன் பின்னரே சிவிடாஸ் பங்கேற்பு வந்தது. 2017 ஏப்ரலில் மையத்தைச் சுற்றியுள்ள இடம் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. மகிழுந்து ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு நேரே செல்ல முடியாது. சுற்றுச்சாலை வழியாகவே செல்ல வேண்டும். மிதிவண்டிக்கு அத்தடை இல்லை. இம்முறையும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும், 2018 நகரத் தேர்தலுக்குப் பின்னும் திட்டம் தொடர்ந்தது.

அழைப்பு கடமையானது

தொடக்கத்தில் ஒன்றியம் நகரங்களை அழைத்தது, கட்டாயப்படுத்தவில்லை. 2024இல் நிறைவேறிய சட்டமோ, 431 நகரங்கள் 2027ஆம் ஆண்டு இறுதிக்குள் நிலைத்தன்மை வாய்ந்த போக்குவரத்துத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. திட்ட அறிக்கையைச் சட்டத்தால் எழுதவைக்கலாம். ஆனால் கடைக்காரரின் கோபத்தை நேரில் எதிர்கொள்வதும், குடியிருப்பாளரை இணங்கவைப்பதும் நகர மன்றத்தின் வேலை.

முடிவுரை

பணமும் பட்டறிவும் வெளியிலிருந்து வரலாம்; துணிவு உள்ளூரில்தான் பிறக்க வேண்டும். நம் வட்டாரத்திலும் 2018இல் 26 நகரங்களுடன் ஆசியான் விவேக நகர்க் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. கோலாலம்பூரும் ஜொகூர் பாருவும் அதில் அடங்கும். வருங்காலத் திட்டமிடுநர்களாகவும் வாக்காளர்களாகவும் விளங்கவிருக்கும் மாணவர்களாகிய நாம், ‘எந்தக் கூட்டமைப்பில் நம் நகரம் உள்ளது?’ என்பதோடு நில்லாமல், ‘அதனால் நம் தெருவில் என்ன மாறியது?’ என்றும் கேட்போமாக.