வண்டி அவர்களுடையது, பயணி நம்மவர்

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் அன்று புதிதாக ஒரு வேலையும் பிறந்தது. அந்த வண்டிகளை வாங்கியது, பராமரிப்பது, ஓட்டுநரை அமர்த்துவது எல்லாம் ஒரு தனியார் நிறுவனம். கண்டக்டர் மட்டும் கழகத்து ஊழியர். டிக்கெட் காசு கழகத்துக்குப் போகிறது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு நிறுவனத்துக்குக் கழகம் பணம் தருகிறது. இதற்கு மொத்தச் செலவு ஒப்பந்தம் என்று பெயர். பேச்சுவழக்கில் ஜிசிசி.

இந்த ஒப்பந்தத்தைத் தினமும் நடத்திச் செல்ல ஆள் வேண்டும். 2023-இல் மத்திய அரசு அறிவித்த பிஎம் இ-பஸ் சேவா திட்டமே 10,000 பேருந்துகளை இந்த வகையில்தான் நகரங்களுக்குக் கொண்டுவருகிறது என்பதால், அந்த ஆளின் தேவை இன்னும் பல ஊர்களில் எழும். டெக்னிகல் பிரிவிலிருந்தோ நிதிப் பிரிவிலிருந்தோ உங்களை இந்த இருக்கையில் உட்கார வைத்திருந்தால், அல்லது இந்தத் துறைக்கு வரலாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், இது உங்களுக்காக.

முதலில் ஒன்று. ஜிசிசி முறையில் பஸ்ஸில் கூட்டம் இருந்தாலும் காலியாக இருந்தாலும் நிறுவனத்துக்கு ஒரே வருமானம். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. டிக்கெட் வசூலை நம்பி ஓட்டுபவராக இருந்தால், கட்டணமில்லாமல் பயணம் செய்யும் பெண்கள் நிற்கும் நிறுத்தத்தைத் தாண்டிப் போகவே தோன்றும். லாபம் தரும் தடத்தில் வண்டிகள் குவியும், புறநகர் காலனி மறந்துபோகும். ஜிசிசியில் அந்த ஆசைக்கு இடமில்லை. ஆனால் பயணி ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன என்ற அலட்சியத்துக்கு இடமிருக்கிறது. அந்த இடத்தை அடைப்பதுதான் உங்கள் வேலை. பயணியின் கோபத்தை நிறுவனத்தின் மாதாந்திர பில்லில் தெரிய வைக்கும் அதிகாரம் உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது.

பின்னிணைப்பிலிருந்து படியுங்கள்

ஒப்பந்த ஆவணம் கனமாக இருக்கும். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் வரையறைகளிலேயே களைத்துவிடுவீர்கள். பணமும் தண்டனையும் பின்னிணைப்புகளில்தான் இருக்கின்றன. கிலோமீட்டரை எப்படிக் கணக்கிடுவது, டிப்போவிலிருந்து தடம் தொடங்கும் இடத்துக்கு ஆளில்லாமல் போகும் டெட் கிலோமீட்டருக்குக் காசு உண்டா, எந்தத் தவறுக்கு எவ்வளவு அபராதம், குறைந்தபட்ச ஊதியமும் விலைவாசிக் குறியீடும் ஏறினால் கட்டணம் எப்படி ஏறும், சார்ஜ் செய்யும் மின்சாரத்துக்கு யார் பணம் கட்டுவது, கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் வரை. இவற்றை உங்கள் கைப்பட ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். மற்றவர் எழுதித் தந்த சுருக்கத்தை நம்ப வேண்டாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது நம் பக்கத்துக் கடமைகளை. நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். நாம் என்ன தர வேண்டும் என்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. டிப்போ இடம், உயர் அழுத்த மின் இணைப்பு, தட அட்டவணை, குறித்த தேதியில் பணம் என்று அது ஒரு நீண்ட பட்டியல். மின் இணைப்பு தாமதமாகி வண்டிகள் சும்மா நின்றால், தவறியவர் நாம்தான். நிறுவனம் நஷ்ட ஈடு கேட்கும், கேட்பதில் நியாயமும் இருக்கும். மின்வாரியத்துக்கு அனுப்பும் நினைவூட்டல் கடிதம்கூட உங்கள் ஒப்பந்தப் பணியில் அடக்கம்.

உறுதியளித்த கிலோமீட்டர் என்று ஒரு வரி இருக்கும். நாளொன்றுக்கு ஒரு வண்டிக்கு இத்தனை கிலோமீட்டராவது ஓட்டத் தருவோம், தராவிட்டாலும் அதற்கு ஒரு பங்கு கட்டணம் கொடுப்போம் என்பது அதன் பொருள். இதில் பணம் ஓசையில்லாமல் ஒழுகும். உதாரணத்துக்கு 100 வண்டிகள், உறுதி 200 கிலோமீட்டர், கட்டணம் 70 ரூபாய், ஓடாத கிலோமீட்டருக்குப் பாதிக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஷெட்யூல் 180 கிலோமீட்டருக்குத்தான் போடப்பட்டிருக்கிறது என்றால், ஒரு நாளைக்கு 70,000 ரூபாய், மாதத்துக்கு 21 லட்சம், எந்தப் பயணிக்கும் பயன்படாமல் போகிறது. இதற்கு நிறுவனத்தின் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஷெட்யூல் போடும் டிராஃபிக் பிரிவினரோடு உட்கார்ந்து பேச வேண்டியது நீங்கள்.

நிறுத்தத்தில் நின்று அளக்க வேண்டியது

கிலோமீட்டர் கணக்கு சரியாக இருந்தாலும் சேவை மோசமாக இருக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று போடப்பட்ட தடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் ஒழுங்காக வந்தால், நிறுத்தத்துக்கு ஏதோ ஒரு நேரத்தில் வந்து சேரும் பயணி சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே வண்டிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, 18 நிமிட இடைவெளி, பிறகு 2 நிமிட இடைவெளி என்று வந்தால்? நடை ஒன்றும் குறையவில்லை. கிலோமீட்டரும் குறையவில்லை. பில்லும் அதேதான். ஆனால் சராசரிக் காத்திருப்பு 8.2 நிமிடமாகிவிடுகிறது. பெரும்பாலான பயணிகள் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் வந்து நிற்பார்கள் என்பதே காரணம். முன்னால் வரும் வண்டியில் படியில் தொங்குவார்கள், பின்னால் வரும் வண்டி காலியாகப் போகும். பெரம்பூர் – பெசன்ட் நகர் 29சி மாதிரி தடங்களில் மாலையில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதிகப்படியாகக் காத்திருந்த அந்த 3.2 நிமிடம்தான் லண்டன் தன் ஒப்பந்தங்களில் வைத்திருக்கும் முக்கிய அளவுகோல். லண்டனில் நகரப் பேருந்துகளை ஓட்டுவது தனியார் நிறுவனங்கள். 2001 முதல் அங்கே தர ஊக்க ஒப்பந்தம் என்ற முறை நடக்கிறது. அடிக்கடி வண்டி வரும் தடங்களில் அதிகக் காத்திருப்பு நேரத்தை அளந்து, இலக்கைவிட நன்றாக ஓட்டினால் கூடுதல் பணம், மோசமாக ஓட்டினால் பிடித்தம். நல்ல சேவைக்கு ஒப்பந்த நீட்டிப்பும் கிடைக்கும். ஓட்டும் நிறுவனத்துக்கு ஒழுங்கான இடைவெளியில் வண்டி விடும் அக்கறை இப்படித்தான் வருகிறது.

உங்கள் ஒப்பந்தத்தில் இந்த அளவுகோல் இல்லாமல் இருக்கலாம். இல்லையென்றாலும் அளவெடுக்கத் தடை ஏதுமில்லை. ஜிபிஎஸ் தரவு கையில் இருக்கிறது. ஒரு தடத்தின் நான்கு நிறுத்தங்களை எடுத்து, வாரத்துக்கு ஒரு முறை எக்செல்லில் இடைவெளிகளைப் போட்டுப் பாருங்கள். மாதாந்திரக் கூட்டத்தில் அந்த ஒரு பக்கத்தை மேசை மேல் வையுங்கள். பேச்சின் திசையே மாறிவிடும்.

கண்காணிப்புக் கருவி வேலை செய்யத் தொடங்கும் முன் வண்டிகளைச் சாலையில் இறக்குவது பெரும் தவறு. சிலி நாட்டின் சாண்டியாகோ 2007 பிப்ரவரி 10 அன்று ஒரே நாளில் நகரப் பேருந்து முறை முழுவதையும் மாற்றியது. பயணிகள் எவ்வளவு பேர் வந்தாலும் நிறுவனங்களுக்குக் குறிப்பிட்ட வருமானம் உறுதி. வண்டிகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கும் செயற்கைக்கோள் அமைப்போ அன்று தயாராக இல்லை. வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர யாருக்கும் அவசரமில்லாமல் போயிற்று. மக்கள் நிறுத்தங்களில் திரண்டு நின்றார்கள். கடைசியில் நாட்டின் அதிபர் பாச்செலெட்டே மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

அபராதம் யார் தலையில் விழுகிறது

இந்த வேலையில் மனம் வைக்க வேண்டிய இடம் ஓட்டுநர்கள். ஒரே வண்டியில் இரண்டு முதலாளிகளின் ஆட்கள் வேலை செய்கிறார்கள். கண்டக்டருக்குக் கழகத்துச் சம்பளம், ஓட்டுநருக்குக் கம்பெனிச் சம்பளம். இருவரும் ஒரே வெயிலில், ஒரே கூட்டத்தில் இருக்கிறார்கள்.

நீங்கள் விதிக்கும் அபராதம் நிறுவனத்தின் லாபத்திலிருந்து போவதாக நினைப்பீர்கள். அது ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறதா என்று விசாரியுங்கள். தாமதத்துக்கு மட்டும் அபராதம் போட்டால், நேரத்தைப் பிடிக்க ஓட்டுநர் நிறுத்தங்களில் நிற்காமல் போவார், சிக்னலில் அவசரப்படுவார். தாமதத்துக்கு ஒரு வரி எழுதினால் நிறுத்தத்தில் நிற்காததற்கும் வேகம் மீறியதற்கும் அதைவிடக் கடுமையான வரி வேண்டும். ஷெட்யூலில் கொடுத்த ஓட்ட நேரமே நடக்க முடியாததாக இருந்தால் அபராதம் போடுவது அநியாயம். மாலை ஆறு மணிக்கு அந்தத் தடத்தில் ஒரு முறை முழுக்கப் பயணம் செய்துவிட்டு அட்டவணையைக் கையில் எடுங்கள்.

2023 ஆகஸ்டில் மும்பை பெஸ்ட் நிறுவனத்துக்காக ஒப்பந்தத்தில் ஓடிய பேருந்துகளின் ஓட்டுநர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். ஒரு வாரம் அளவுக்கு நகரம் தவித்தது. 2024 டிசம்பர் 9 இரவு அதே மும்பையில், குர்லாவில், ஒப்பந்த மின்சாரப் பேருந்து ஒன்று கட்டுப்பாடிழந்து வாகனங்கள் மேலும் நடந்து சென்றவர்கள் மேலும் மோதியது. பலர் உயிரிழந்தார்கள். கிளட்ச் இல்லாத அந்த நீளமான வண்டியை ஓட்ட ஓட்டுநருக்குத் தந்த பயிற்சி போதுமா என்ற கேள்வி அன்று எழுந்தது. பேருந்தில் எழுதியிருப்பது பெஸ்ட் பெயர்; மக்கள் கேட்டதும் பெஸ்ட்டைத்தான். வண்டியை ஒப்பந்தத்துக்கு விட்டாலும் பொறுப்பை விட முடியாது.

எனவே பில்லில் கையெழுத்திடும் முன் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டுநர்களின் சம்பளம் வங்கியில் செலுத்தப்பட்டதற்கும், பிஎஃப், இஎஸ்ஐ கட்டப்பட்டதற்கும் சான்று ஒன்று. புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரும் அதே வகை வண்டியில் எத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றார், யார் சான்றளித்தார் என்ற பதிவு இன்னொன்று. ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே வரும் விதி. நமக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்க வழியில்லை.

விடியலில் டிப்போ, மாலையில் கடிதம்

மாதத்தில் ஒரு நாளாவது விடியற்காலை நாலரை மணிக்கு டிப்போவில் இருங்கள், முன்னறிவிப்பு இல்லாமல். சார்ஜர் கன் மாட்டிய வண்டிகளின் டிஸ்பிளேயில் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது, எந்தச் சார்ஜர் இரவெல்லாம் வேலை செய்யவில்லை, ஸ்பேர் வண்டிகள் என்று கணக்கில் காட்டியவை உண்மையில் உதிரிபாகத்துக்காகப் பிரிக்கப்பட்டு நிற்கின்றனவா, சாய்தளப் பலகை இறங்குகிறதா, முதல் நடை எத்தனை மணிக்குக் கேட்டைத் தாண்டியது. அலுவலகத் திரையில் இதெல்லாம் பச்சையாகவே தெரியும். டைம் கீப்பரிடமும் இரவு ஷிஃப்ட் மெக்கானிக்கிடமும் பேசினால் திரை சொல்லாத நிறைய தெரியவரும்.

பார்த்ததை அன்றே எழுதுங்கள். தேதி, நேரம், வண்டி எண், ஒப்பந்தப் பிரிவு, என்ன எதிர்பார்க்கிறோம், எந்தத் தேதிக்குள். போனில் திட்டிவிட்டு விட்டுவிட்டால், பின்னால் நடுவர் மன்றத்தில் உங்களிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது. சின்னத் தவறை மன்னிக்க விரும்பினால் அதையும் எழுத்திலேயே மன்னியுங்கள்.

பணத்தை மட்டும் தாமதிக்காதீர்கள். நம் நாட்டில் பேருந்து நிறுவனங்கள் டெண்டரில் கூடுதல் விலை கேட்பதற்கு ஒரு காரணம், அரசுக் கழகங்கள் நேரத்துக்குப் பணம் தராது என்ற அச்சம். அந்த அச்சத்தைப் போக்கத்தான் 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 3,435 கோடி ரூபாயில் பணப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. பிடித்தம் செய்ய வேண்டியதைப் பிரிவு எண்ணோடு பிடித்துவிட்டு, மீதியைக் குறித்த நாளில் கொடுத்துவிடுங்கள். நேரத்துக்குப் பணம் தருகிற அதிகாரி கண்டிப்பாகப் பேசினால் எதிர்த்தரப்பு கேட்கும். நிறுவனத்து டிப்போ மேலாளரோடு டீ குடிப்பதில் தவறில்லை. அந்த டீக்கு மேல் எதுவும் வாங்க வேண்டாம்.

முடிவையும் இப்போதே யோசியுங்கள். 2016-இல் ஒப்பந்த முறைக்கு மாறிய சிங்கப்பூரில் பேருந்துகளும் டிப்போக்களும் அரசுக்குச் சொந்தம். நிறுவனம் மாறினாலும் வண்டி நிற்பதில்லை. நம் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் வண்டி நிறுவனத்துடையது. இடையில் அது விலகினால் என்ன செய்வது, எந்தத் தடங்களைச் சொந்த வண்டி கொண்டு முதலில் காப்பாற்றுவது என்ற திட்டம் உங்கள் மேசை இழுப்பறையில் இருக்க வேண்டும்.

படிப்பு பற்றி ஒரு வார்த்தை. புணேயிலுள்ள மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனமும் தரமணியிலுள்ள சாலைப் போக்குவரத்து நிறுவனமும் இந்தத் துறைக்கானவை. 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தை ஒரு வழக்கறிஞர் துணையோடு ஒரு முறை படித்து வைப்பது நல்லது. பொறியியல், கணக்கு, சட்டம் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்கள் நம்மிடம் குறைவு. அப்படிப்பட்டவருக்குக் கழகத்திலும், சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டா போன்ற ஆணையத்திலும், நிறுவனங்களின் பக்கத்திலும் மதிப்பு இருக்கிறது.

லண்டன் போக்குவரத்து அமைப்பு ஒவ்வொரு தடத்தின் செயல்பாட்டையும் பொதுமக்கள் பார்க்க வெளியிடுகிறது. எந்தத் தடத்தை எந்த நிறுவனம் ஓட்டுகிறது, மக்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று யாரும் பார்க்கலாம். இதை இங்கே செய்யப் புதிய சட்டம் தேவையில்லை, புதிய கருவியும் தேவையில்லை. எக்செல்லில் நீங்கள் போட்ட அந்த ஒரு பக்கம் போதும். இந்த இருக்கைக்கு வந்ததும், அதை மாதந்தோறும் கழகத்தின் இணையதளத்தில் வெளியிட அனுமதி கேட்டு மேலாண்மை இயக்குநருக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள். முதல் முறை மறுத்தால் மறுபடியும் அனுப்புங்கள்.