விளையாட்டு கற்பித்ததா? சோதித்துப் பார்ப்போம்

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. வயலும் தெருவும் ஒன்றாயின. இப்படியொரு மழைக்குப் பின், "டெங்குக் கொசு எங்கே பெருகும்?" என்று வகுப்பில் கேட்டால், "சாக்கடையில சார்", "வயல்ல நிக்கிற தண்ணியில டீச்சர்" என்றுதான் பெரும்பாலும் விடை வரும்.

உண்மை வேறு. நெல்வயல் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் வகைக் கொசு ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரை நாடுகிறது. தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். ஆகவே, நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேய்த்தும் கழுவ வேண்டும்.

இதை விளையாட்டாகக் கற்பிக்கலாமா?

முன்னோர் முயற்சிகள்

2005 உலக எய்ட்ஸ் நாளில், இசட்.எம்.க்யூ. என்னும் இந்திய நிறுவனம் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காகக் கைப்பேசி விளையாட்டுகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று கிரிக்கெட்.

மேத்யூ காம் குழுவினர் மில்லி என்னும் திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்கக் கைப்பேசி விளையாட்டுகளை உருவாக்கினர். வட, தென்னிந்தியாவில் மூன்று இடங்களில் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் 'விளையாட்டு' என்று புரிந்துகொண்டதோடு மின்னணு விளையாட்டுகள் பொருந்தாமல் போயின. எனவே குழுவினர் தெருவுக்குத் திரும்பி, 28 பாரம்பரிய விளையாட்டுகளை ஆராய்ந்தனர். 2009இல் வெளியான அந்த ஆய்வு நமக்குச் சொல்வது இதுதான்: பிள்ளைகள் ஏற்கெனவே ஆடுவதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் காகிதத்தில்

கணினி நிரலுக்கு முன் ஓர் அட்டையில் ஆடிப் பார்க்கலாம். நால்வர், நான்கு வீடுகள். வீட்டுக்கு ஆறு பொருள்கள்: சிமெண்டுத் தொட்டி, பழைய டயர், கொட்டாங்குச்சி, ஆட்டுக்கல், பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு. ஒவ்வொன்றிலும் முட்டையாக ஒரு புளியங்கொட்டை. முதல் நாள் எல்லாவற்றிலும் நீர் இருக்கிறது.

ஒரு சுற்று ஒரு நாள். ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு வேலைகள் செய்யலாம். கொட்டுவது ஒரு வேலை, தேய்ப்பது இன்னொன்று. தேய்த்தால்தான் கொட்டையை எடுக்கலாம். நாள்தோறும் மூன்று சோழிகளை உருட்ட வேண்டும். மூன்றும் ஒரேபோல் விழுந்தால் மழை. கொட்டை உள்ள காலிப் பாத்திரம் மீண்டும் நிறையும். கொட்டையோடு எட்டு நாள் நீர் நின்றால் கொசு பறக்கும்; அப்போது நால்வருக்கும் தோல்வி. பதினான்கு நாள் தாண்டினால் நால்வருக்கும் வெற்றி. பக்கத்து வீட்டுத் தொட்டியும் நம் பொறுப்பு என்பதைப் பிள்ளைகள் ஆடியே உணர்வார்கள்.

இங்கே கற்க வேண்டியதும் ஆட வேண்டியதும் ஒன்றே. கொசுவைச் சுட்டால் மதிப்பெண், இடையிடையே ஒரு வினா என்று அமைத்தால் பிள்ளைகள் சுடத்தான் கற்பார்கள்.

மூன்று சோதனைகள்

ஒன்று: நான்கைந்து பிள்ளைகளை ஆடவிட்டு, வாய் திறக்காமல் கவனியுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில் திருத்த வேண்டியது விதியை, பிள்ளையை அல்ல.

இரண்டு: ஒரு பிரிவுக்கு விளையாட்டு, மற்றொரு பிரிவுக்கு அதே நேரத்தில் வழக்கமான பாடம். பாடத்துக்கு முன்பும், முடிந்ததும், ஒரு மாதம் கழித்தும் இரு பிரிவுக்கும் ஒரே வினாக்கள். விளையாட்டில் வராத பொருளையும் கேளுங்கள். மூடியில்லாத குடத்தின் படத்தைக் காட்டி, "இதை என்ன செய்வாய்?" எனலாம். மனப்பாடமா புரிதலா என்பது அப்போது தெரியும். சோதனை முடிந்ததும் மற்றப் பிரிவுக்கும் விளையாட்டைக் கொடுத்துவிடுங்கள்.

மூன்று: செயல் மாறியதா? இதுவே கடினமான சோதனை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் இளையோருக்கான ரீ-மிஷன் விளையாட்டை 34 மருத்துவ மையங்களில் 375 பேரிடம் சோதித்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. அவர்கள் அறிவை மட்டும் அளக்கவில்லை. மருந்தை ஒழுங்காக உட்கொண்டார்களா என்பதையும் அளந்தார்கள். அறிவும் கூடியது, மருந்து உட்கொள்ளும் ஒழுங்கும் கூடியது.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். விளையாட்டுக்கு முன்பும் பின்பும் சில வாரங்கள், வெள்ளிதோறும் பள்ளி வளாகத்தைச் சுற்றி வந்து, நீர் தேங்கிய பொருள்களை எண்ணிக் குறித்தால் போதும். வீடுகளைச் சோதிக்கப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். எந்தக் குடும்பமும் தலைகுனியக் கூடாது. மழை நின்றாலும் எண்ணிக்கை தானே குறையும் என்பதால், மழை நாள்களையும் உடன் குறியுங்கள்.

எண்ணிக்கை குறையவில்லையென்றால்? விளையாட்டை மாற்றுவோம். பிள்ளைகள் கைதட்டி ஆடினார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் ஆட்டுக்கல்லில் தேங்கிய நீரை ஒரு பிள்ளை யாரும் சொல்லாமல் கொட்டித் தேய்க்கும் நாளில்தான் பாடம் முடிகிறது.